கொழுந்துக்காரிக்கு முகம் எங்கே?

கேள்வி: நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் செய்த அனிமேஷன் பாட்டு வீடியோவைப் போன இதழில் பாராட்டித் தள்ளியிருந்தீர்கள். நானும் பார்த்தேன். கோடெல்லாம் நடுங்குகிறது. கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. விசாரித்தால், முதலில் வீடியோ எடுத்து அதன்மேல் வைத்து வரைந்தார்களாம். பிரதி எடுப்பதெல்லாம் கலையா? போனில் ஒரு தட்டு தட்டினால் வந்துவிடுமே! நம்மவர் என்றால் எதையும் தூக்கிப் பிடிப்பதா ஐயா?
– வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: நம்மவர் என்பதற்காகத் தூக்கிப் பிடிக்கவில்லை. அதில் எனக்கும் பிடிக்காத இடம் உண்டு, வருகிறேன். ஆனால் நீங்கள் குறை கண்ட இரண்டும் அவர்கள் கெட்டிக்காரத்தனமாகச் செய்த காரியங்கள்.

முதலில் இந்தப் 'பிரதி' வழக்கு. எடுத்த படத்தின்மேல் வைத்து வரைவதற்கு ரோட்டோஸ்கோப் என்று பெயர். மாக்ஸ் ஃபிளைஷர் 1917இலேயே அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1985இல் நோர்வேயின் ஆ-ஹா குழு பாடிய 'டேக் ஆன் மீ' பாட்டுக்கு ஸ்டீவ் பரன் இயக்கிய வீடியோ உலகம் சுற்றியதும் இந்த முறையால்தான். மைக்கல் பாட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் ஏறக்குறைய 3,000 சட்டகங்களை (ஃபிரேம்களை) பென்சிலால் வரைந்தார்கள். 16 வாரம் பிடித்தது. அதிலும் கோடு நடுங்கும். ஒரே உருவத்தை அடுத்த தாளில் மறுபடி வரையும்போது எந்தக் கைக்கும் கோடு அதே இடத்தில் விழாது. ஓடவிட்டால் அந்த மயிரிழை வித்தியாசம் நடுக்கமாகத் தெரியும். அவர்கள் அதை மறைக்கவில்லை. அந்த வீடியோவில் கடையில் உட்கார்ந்து சித்திரக்கதை வாசிக்கிற பெண் ஒரு உலகம், கதைக்குள்ளிருந்து கை நீட்டுகிற ஆள் வேறு உலகம் என்று அந்த நடுக்கம்தான் காட்டிக்கொடுக்கிறது.

வினாடிக்கு 24 சட்டகம். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 படம், நாலு நிமிடப் பாட்டுக்கு 2,880. ஒவ்வொன்றிலும் எதை வரைவது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். போன் ஃபில்டர் அந்தத் தீர்மானம் எதையும் எடுக்காது. மலை, இடுப்பில் கட்டுகிற படங்கு, கை, வானம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆட்டிவைக்கும். நம் பிள்ளைகளின் வீடியோவில் மலை அசைவதே இல்லை. கை மட்டும் நடுங்குகிறது. ரெண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற விரல் நுனியில் கொழுந்துக் கறைக்கு ஒரு கறுப்புத் தீற்று வைத்திருக்கிறார்களே, கவனித்தீர்களா? தப்புப் பறையில் அடி விழும்போது கிள்ளு விழுகிறது. சரணத்தில் பாட்டு நிதானப்படுகிறது, கை நிதானப்படவில்லை. நாளுக்குப் பறித்துக் கொடுக்க வேண்டிய கிலோக் கணக்கு பாட்டுக்காகக் காத்திருக்காது என்பதை ஒரு வரிகூடப் பாடாமல் சொல்லிவிட்டார்கள்.

இனி முகம். மலையில் அவளுக்கு முகம் இல்லை. நிறுவையிலும் இல்லை, அங்கே கணக்கு எழுதுகிறவர் தராசைப் பார்க்கிறார், அவளைப் பார்ப்பதில்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து அடுப்பு மூட்டும்போது மகள் நிமிர்ந்து பார்க்கிறாள். அப்போதுதான் கண், மூக்கு, களைத்த ஒரு சிரிப்பு, எல்லாம் மூன்று வினாடிக்கு வந்து போகிறது. 'கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்பே வீடியோவை நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது. கொழுந்துக்காரியை முகத்தோடு போட்டவர்களுக்கா இங்கே பஞ்சம்? தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் கசங்காத சேலையோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். காலில் ஒரு அட்டை கடித்த தடம் இருக்காது.

என் குறை நிறத்தில். கவ்வாத்து வெட்டிய மலை பழுப்பு, புதுத் துளிர் மஞ்சள் ஓடின பச்சை, முற்றின இலை கறுப்புக்குப் பக்கம். மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், ஹோட்டல் விளம்பரத்துப் பச்சை ஒன்றையே முழுக்கப் பூசிவைத்திருக்கிறார்கள். அதைவிட மோசம் கடைசி அரை நிமிடம். திடீரென்று, சுற்றுலாப் பயணிகள் மொய்க்கிற தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலம், அதன்மேல் நீல ரயில், ஆகாயத்திலிருந்து ட்ரோன் பார்வை. பாலத்தின்மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், அது 1921இலிருந்து அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த அம்மாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அந்த இடத்தில் கோடு நடுங்கவுமில்லை, எதையும் விடவுமில்லை. யாரோ எடுத்த ட்ரோன் படத்தை அப்படியே இறக்கிவைத்திருக்கிறார்கள். உங்கள் 'பிரதி' குற்றச்சாட்டை அங்கே போடுங்கள், நானும் கீழே கையெழுத்து வைக்கிறேன்.

அதை வெட்டிவிடுங்கள் என்று பிள்ளைகளிடமும் சொன்னேன். "பாலம் இல்லாட்டி யாரு சார் பார்ப்பாங்க?" என்றார்கள்.