வீட்டு மதிப்பு ஏறியது, பென்ஷன் ஏறவில்லை: ரேட்ஸை எப்படிக் குறைப்பது?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில், கணவர் விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். அரசு பென்ஷன்தான் வருமானம். புது மதிப்பீட்டில் வீடு 9 லட்சம் ராண்டிலிருந்து 12 லட்சமாக ஏறிவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. இவ்வளவு ரேட்ஸ் (நகராட்சி சொத்து வரி) கட்ட முடியாது என்று ஆட்சேபம் எழுதினால் குறைப்பார்களா?

பதில்: அம்மா, அந்தக் காரணத்தை மட்டும் எழுதினால் குறைக்க மாட்டார்கள். ஆட்சேபப் படிவத்தைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு வீட்டின் சந்தை விலை சரியா தப்பா என்று பார்க்கத்தான் அதிகாரம்; உங்கள் வருமானத்தைப் பார்த்து எதையும் மாற்ற அவரால் முடியாது. ரேட்ஸ் கூடுதல் என்று பக்கம் பக்கமாக எழுதி, உண்மையிலேயே தப்பாக இருந்த மதிப்பை அப்படியே விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

முதலில் மதிப்பு. தென்னாப்பிரிக்காவின் 2004-ஆம் ஆண்டு நகராட்சி சொத்து வரிச் சட்டப்படி வீட்டுக்குள் வந்து பார்க்காமலே, கம்ப்யூட்டர் கணக்கில் மொத்தமாக மதிப்பிடலாம். அதனால் பழைய தகவல்கள் அப்படியே தங்கிவிடும்: இடித்துவிட்ட அவுட்பில்டிங் இன்னும் கணக்கில் இருக்கும், சதுர மீட்டர் கூடுதலாக இருக்கும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சரிந்த பின்பக்கச் சரிவு எங்கேயும் பதிவாகியிருக்காது. போட்டோ எடுங்கள். மதிப்பீட்டுத் தேதி என்று ஒன்று அறிவித்திருப்பார்கள், அந்தத் தேதியை ஒட்டி உங்கள் தெருவில் விற்ற இரண்டு மூன்று வீடுகளின் விலையைச் சேர்த்துக் கொடுங்கள். மதிப்பீட்டுப் பட்டியலைப் பார்த்து ஆட்சேபிக்கக் குறைந்தது 30 நாள் தரவேண்டும், கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும். பதில் திருப்தியில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீட்டு வாரியத்துக்கும் போகலாம். நாள் தவறிவிட்டதா? மதிப்பு பெரிய அளவில் தப்பு என்றால் அதே சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி துணை மதிப்பீடு (இடையில் செய்யும் திருத்த மதிப்பீடு) கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, மதிப்பு ஏறினாலே ரேட்ஸும் அதே அளவு ஏறவேண்டும் என்று இல்லை. ஊரில் எல்லா வீடும் உங்கள் வீட்டைப் போல மூன்றில் ஒரு பங்கு ஏறியது என்று வையுங்கள். நகராட்சிக்குப் போன வருஷத்துப் பணமே போதுமென்றால், ஒரு ராண்டுக்கு 1.2 சென்ட் வாங்கியவர்கள் 0.9 சென்ட் வாங்கினால் சரியாக வந்துவிடும்: இரண்டு கணக்கிலும் உங்களுக்கு வருஷத்துக்கு 10,800 ராண்ட்தான். (சென்ட் அளவு உதாரணத்துக்குச் சொல்வது.) அந்தச் சென்ட்டைக் குறைக்காமல் வைப்பது நகராட்சி கவுன்சில். அதைக் கேட்க வேண்டிய இடம் பட்ஜெட் கூட்டம். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, பட்ஜெட் வரைவு அதற்கு 90 நாள் முன்னாலேயே வந்துவிடும், ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வார்டு கூட்டத்துக்குப் போங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

உங்களுக்கு உடனே கைகொடுக்கக்கூடியது ரிபேட், அதாவது வரித் தள்ளுபடி. பென்ஷனையோ உதவித்தொகையையோ நம்பி வாழும் வீட்டு உரிமையாளர்களுக்குச் சலுகை கொடுக்க 15-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது, டர்பனிலும் பென்ஷன்காரர்களுக்கு ரிபேட் உண்டு. ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். இதுதான் என் பெரிய வருத்தம். நிறவெறி ஆட்சிக் காலத்துக் குழு குடியிருப்புச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்க்கப்பட்டு இங்கே வந்து, வாடகை வீட்டைப் பாடுபட்டுச் சொந்தமாக்கிக்கொண்ட தலைமுறை இது, தெருவில் விலை ஏறியதால் அவர்கள் கைக்கு ஒரு சென்ட் வரவில்லை. பென்ஷன் யாருக்குப் போகிறது என்பது அரசுக்கே தெரியும்போது, ரிபேட் தானாக வந்து சேரவேண்டும், படிவமும் வரிசையும் எதற்கு? வீட்டு மதிப்பில் முதல் 15,000 ராண்டுக்கு ரேட்ஸ் இல்லை என்று சட்டத்தில் எழுதியது 2004-இல். பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்ட அமைச்சருக்கு அதிகாரம் இருக்கிறது. பட்ஜெட் கூட்டத்தில் இந்த இரண்டையும் கேளுங்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டிகளையும் கூட்டிப் போங்கள்.

அப்புறம், ஆட்சேபம் கொடுத்துவிட்டோம் என்று பில் கட்டுவதை நிறுத்தாதீர்கள். முடிவு வரும்வரை கட்டத்தான் வேண்டும், மதிப்பு குறைந்தால் கூடுதலாகக் கட்டியதை வட்டியோடு திருப்பித் தருவார்கள். ரிபேட்டுக்குப் போகும்போது அடையாள அட்டை, பென்ஷன் சான்று, ரேட்ஸ் பில் மூன்றையும் எடுத்துப் போங்கள். வீட்டுப் பத்திரம் இன்னும் கணவர் பெயரிலேயே இருந்தால் அதைக் கவுன்ட்டரில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.