ஷேப் வாட்டர்: பனிக்கட்டி எவ்வளவு தாங்கும்?

கேள்வி: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், என் விசார்டிடம் (மந்திரவாதிக் கதாபாத்திரம்) தண்ணீரை உருமாற்றும் ‘ஷேப் வாட்டர்’ கேன்ட்ரிப் (எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய எளிய மந்திரம்) இருக்கிறது. 30 அடி அகல ஆற்றை உறைய வைத்து, குழுவில் நான்கு பேரும் கடக்க முடியுமா?

பதில்: நீரோட்டம் மெதுவாக இருந்தால் முடியும், ஆனால் பாலம் கட்ட முடியாது. ஒருமுறை போட்டால் 5 அடி கனசதுரத்துக்குள் அடங்கும் தண்ணீர்தான் உறையும். அதற்குள் உயிரினம் எதுவும் இருக்கக் கூடாது. கட்டி 1 மணி நேரம் நிற்கும். ஒரே சமயத்தில் இரண்டு கட்டிகளுக்குத்தான் அனுமதி. ஒரு ரவுண்டில் (6 விநாடி) ஒரு ஆக்‌ஷன், அதாவது ஒரு செயல்தான், செய்யலாம். மூன்றாவது வேண்டுமானால், ஒரு ஆக்‌ஷனில் பழையதைக் கலைத்துவிட்டு அடுத்த ஆக்‌ஷனில் புதியதை உறைய வைக்க வேண்டும். 30 அடிக்கு 6 கட்டிகள்: முதல் இரண்டுக்கு 2 ரவுண்டு, மீதி நான்குக்கு 8 ரவுண்டு. ஒரு நிமிடத்தில் விசார்ட் அக்கரையில் இருப்பார். பின்னால் வருகிறவர்களுக்குத்தான் கட்டி மிஞ்சாது.

அதனால் போகும்போதே 50 அடிக் கயிற்றின் ஒரு முனையை அவரிடம் கொடுத்து, அக்கரை மரத்தில் கட்டச் சொல்லுங்கள். மந்திரத்தின் எல்லை 30 அடி என்பதால், அங்கிருந்தே இக்கரையோரம் ஒரு கட்டியை உறைய வைக்கலாம். மற்றவர்கள் அதில் ஏறி, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரட்டும்.

கட்டியின் கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பலரும் 1 அடி கனத்தில் பலகை மாதிரி உறைய வைக்கிறார்கள். 5 அடிக்கு 5 அடி இருந்தாலும் அது 60 கிலோ அளவுக்குத்தான் தாங்கும். இரும்புக் கவசம் போட்ட ஃபைட்டர் (போர்வீரர்) ஏறினால் முங்கிவிடும். முழு 5 அடி கனம் என்றால் சுமார் 300 கிலோ தாங்கும். இந்தக் கணக்கு விதிப் புத்தகத்தில் கிடையாது. பனிக்கட்டி எப்படி மிதக்கிறது என்பதிலிருந்து வருவது. நியாயமான டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) ஏற்றுக்கொள்வார். இருவர் இருவராக ஏறுங்கள், ஓரத்தில் நிற்காதீர்கள்.

கேள்வி: பூட்டுக்குள் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால் பூட்டு உடையுமா?

பதில்: உடையும் என்று விதி சொல்லவில்லை. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும் என்பது உண்மை. ஆனால் சாவித்துளை திறந்திருக்கிறதே, பனி அந்த வழியாகப் பிதுங்கிவிடும். துரத்துகிறவர்கள் சாவி போட முடியாதபடி பூட்டை 1 மணி நேரம் அடைத்து வைக்க இதே வித்தை அருமையாக உதவும். துளையில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாத நீரில் மந்திரம் பலிக்காது.

கேள்வி: வாயைக் கட்டிவிட்டால் இதைப் போட முடியுமா?

பதில்: தாராளமாக. உச்சரிப்பும் இல்லை, பொருளும் தேவையில்லை, கையசைவு மட்டும்தான். சத்தமே எழாதபடி செய்யும் ‘சைலன்ஸ்’ மந்திரத்துக்குள் நின்றும் போடலாம். கைகளைக் கட்டிவிட்டால் போட முடியாது.