‘நம்பள்’ என்று பேசும் பாய் எந்த ஊர்க்காரர்?

கேள்வி: மாலையில் மாமியாரும் நானும் சேர்ந்து தொடர்கள் பார்ப்போம். அவற்றில் முஸ்லிம் ஒருவர் தலைகாட்டினால் ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்றுதான் பேசுகிறார். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறு பேச்சு இல்லை. ‘நீ ஏன் அப்படிப் பேசுவதில்லை?’ என்று பள்ளியில் ஒரு பையன் என் மகனைக் கேட்டிருக்கிறான். வேடிக்கைக்கு வைப்பதை நான் பெரிதுபடுத்துகிறேனா?
வாசகி, பரங்கிப்பேட்டை

பதில்: இல்லை. கேட்ட சிறுவன் மீதும் குற்றமில்லை; தினமும் வீட்டுக் கூடத்தில் கேட்பதைத்தான் அவன் கேட்டிருக்கிறான். ‘நம்பள், நிம்பள்’ என்பது எவருடைய வீட்டுப் பேச்சும் அன்று. வடக்கிலிருந்து வந்து அடகுக்கடை வைத்தவர்களைக் கேலி செய்ய நாடக மேடையும் பழைய திரைப்படங்களும் கட்டிவிட்ட பேச்சு அது. சேட்டுக்குத் தைத்த சட்டையைப் பாய்க்கும் மாட்டிவிட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டில் உருது பேசுகிற முஸ்லிம்கள் உண்டு. அவர்களும் தமிழை இப்படிப் பேசுவதில்லை. பரங்கிப்பேட்டை, காரைக்கால், காயல்பட்டினம் என்று கடற்கரை நெடுக வாழ்கிறவர்களுக்கோ தமிழே வீட்டு மொழி; நபிகள் நாயகத்தின் வரலாற்றை உமறுப்புலவர் சீறாப்புராணமாக 5,000-க்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடியது இந்த மக்கள் கேட்டு மகிழத்தான்.

சின்னச் சொற்களில்தான் பொய் வெளிப்படுகிறது. நீங்கள் ‘தொழுதுவிட்டு வருகிறேன்’ என்பீர்கள். தொடரில் வருகிறவர் ‘நமாஸ் பண்ணிட்டு வர்றேன்’ என்பார். நோன்பு, பள்ளிவாசல், பெருநாள், வாப்பா, உம்மா என்று இத்தனை சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, வசனம் எழுதுகிறவர் அவற்றைத் தொடுவதே இல்லை.

சில மாதங்களுக்கு முன் புதுச்சேரி முல்லா வீதிக்கு அருகில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் தொப்பியும் லுங்கியுமாக ஒருவர் வந்து ‘அரே, நம்பள் சொல்றான்’ என்றார். கல்லாவில் இருந்த பெரியவர், அவர் தலையிலும் தொப்பிதான், ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ‘சார், உங்களுக்குச் சர்க்கரை கம்மியா?’ என்று என்னைக் கேட்டார். அந்தப் பாத்திரம் போன பிறகு சத்தத்தை மறுபடியும் கூட்டிக்கொண்டார். கதை அவருக்கும் பிடித்திருந்தது போலும்.

இதற்கு அவசரத்தைக் காரணம் சொல்வார்கள். அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்குப் படமாக்கும் தினசரித் தொடரில், அரை நிமிடம் வந்துபோகும் ஒருவர் இன்னார் என்று இரண்டு வரிக்குள் தெரிந்தாக வேண்டும் என்பதும், முக்கிய நடிகரே விலகினாலும் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டு நகரும் தொழில் அது என்பதும் உண்மைதான். ஆனால் மாமியாரின் முறைப்பை இடிமுழக்கத்தோடு நான்கு கோணங்களில் காட்ட அவர்களுக்கு நேரம் இருக்கிறதே!

கேள்வி: கிறிஸ்தவர்களைத் தொடர்களில் நல்லவர்களாகவே காட்டுகிறார்கள். அன்பான நர்ஸ், கருணையுள்ள பாதிரியார். இதில் குறை காண என்ன இருக்கிறது?
வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: அந்த நர்ஸுக்கு வீட்டு வாடகை உண்டா, நாத்தனார் உண்டா, நகைக்கடன் உண்டா? கதாநாயகி மயங்கி விழுந்தால் வருகிறார், சிலுவைக்குறி போடுகிறார், போய்விடுகிறார். கதாநாயகனுக்கு ரத்தம் கொடுக்கவும் பிரியாணி கொடுக்கவும் மட்டுமே பிறந்த ‘நல்ல பாய்’ இவருக்கு உடன்பிறந்தவர். கெட்டவராகக் காட்டினால் மட்டும்தான் அது அச்சில் வார்த்த பாத்திரம் என்பதில்லை.

உங்கள் பகுதியிலேயே பாருங்கள். கத்தோலிக்கப் பெண்கள் பலர் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகக் ‘கோயிலுக்கு’ப் போகிறார்கள், ‘பூசை முடிந்ததா’ என்று கேட்கிறார்கள், பங்குக் குருவைச் ‘சாமியார்’ என்கிறார்கள், வில்லியனூர் மாதா தேருக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். தொடரிலோ கையில் ஜெபமாலையும் வாயில் பெந்தெகொஸ்தே சபையின் ‘அல்லேலூயா’வுமாக, எந்தச் சபைக்கும் சேராத ஒருவர் கவுன் அணிந்து நிற்கிறார். என்னைக் கேட்டால், ஒரு மேரியம்மாவை வில்லியாகவே காட்டட்டும் என்பேன். பாகப்பிரிவினையில் தம்பியின் பங்கை அவர் அமுக்கட்டும். அதற்கும் அவர் கழுத்துச் சிலுவைக்கும் தொடர்பில்லாதிருந்தால் போதும்.

கேள்வி: அடியாள் என்றாலே கறுத்த நிறமும் மீனவர் பேச்சும் ஏன்?
வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: கதை கடலூரில் நடந்தாலும் அடியாள் சென்னைக் காசிமேட்டு மீனவர் தமிழ்தான் பேசுவார். ‘கறுப்பான பெண்ணின் கதை’ என்று சொல்லிக்கொண்டு நடிகையின் முகத்தில் கருமை பூசியவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

கேள்வி: தொடர்களுக்குத் தணிக்கை கிடையாதா? யாரிடம் முறையிடுவது?
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: திரைப்படத்துக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்கூட்டியே சான்றிதழ் வேண்டும், தொடருக்கு வேண்டியதில்லை. ஆனால் 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6-ஆவது விதி, மதப்பிரிவினரை இழிவுபடுத்தும் காட்சிகளையும், குறிப்பிட்ட இன, மொழி, வட்டார மக்களை ஏளனமாகச் சித்திரிப்பதையும் தடை செய்கிறது. மத்திய அரசின் விதி என்பதால் புதுச்சேரிக்கும் இதுவே பொருந்தும்.

2021-இல் வந்த திருத்தத்தின்படி முதலில் அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்துக்கே எழுத வேண்டும். அவர்கள் 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் நிறைவில்லையென்றால், அடுத்த 15 நாட்களுக்குள் அந்த நிறுவனம் உறுப்பினராக உள்ள சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். பொழுதுபோக்கு அலைவரிசைகளுக்காக 2011-இல் தொடங்கப்பட்ட ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார்க் குழு அத்தகைய அமைப்பு. ‘உங்கள் தொடர் சரியில்லை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பொதுவான நன்றிக் கடிதம்தான் வரும். தொடரின் பெயர், ஒளிபரப்பான நாள், நேரம் ஆகியவற்றோடு, வசனத்தையும் திருத்தாமல், ‘நம்பள்கி’ என்றிருந்தால் ‘நம்பள்கி’ என்றே எழுதி அனுப்புங்கள்.