கேளுங்க, சொல்றேன்: பாண்ட் வில்லன்களும் ஹீரோயின்களும்

போன இதழ்ல சும்மா ஒரு வரி, ஜேம்ஸ் பாண்ட் படத்துல பாண்டை விட வில்லனும் ஹீரோயினும்தான் முக்கியம், பாண்ட் வெறும் கோட்டு சூட்டுன்னு எழுதிட்டேன். அதுக்கு வந்த கேள்விகள்ல சிலது மட்டும் இங்க. திட்டி எழுதுனவங்களுக்கு தனியா ஒரு கும்பிடு.

'கோல்ட்ஃபிங்கர்' வில்லன் பேசுறது அவர் சொந்தக் குரலே இல்லைன்னு என் ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றான். பந்தயம் கட்டலாமா? (மதுரை வாசகர்)

கட்டாதீங்க, தோத்துருவீங்க. கெர்ட் ஃப்ரோப ஜெர்மன்காரர், அவருக்கு இங்கிலீஷ் ரொம்ப கம்மி, வசனத்தை சத்தத்தை வச்சு மனப்பாடம் பண்ணி வாயசைச்சாரு, படத்துல நாம கேக்குறது மைக்கேல் காலின்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் நடிகரோட குரல். பாண்டை தங்கப் பலகையில கட்டிப்போட்டு லேசர் காலுக்கு நடுவுல மெல்ல ஏறி வர்ற அந்த 1964 சீன் இருக்குல்ல, நீ பேசணும்னு நான் எதிர்பாக்கல, சாகணும்னுதான் எதிர்பாக்குறேன்னு அலட்டிக்காம சொல்லிட்டு போவாரே, அந்த தெனாவட்டு ரெண்டு பேர் சேந்து குடுத்தது.

ஹீரோயின் கதை இன்னும் மோசம். முதல் படம் 'டாக்டர் நோ', 1962, ஜமைக்கா கடல்ல இருந்து இடுப்புல கத்தி கையில சங்கோட ஏறி வர்ற உர்சுலா ஆண்ட்ரஸ், அவங்க ஸ்விட்சர்லாந்துக்காரங்க, உச்சரிப்பு சரியில்லைன்னு நிக்கி வான் டெர் ஸில்னு ஒரு அம்மாவை வச்சு பேச வச்சாங்க, பாட்டு பாடுனது டயானா கூப்லண்ட்னு மூணாவது ஆள். நிக்கியோட வேலை அதோட முடியல, 'கோல்ட்ஃபிங்கர்' ஷெர்லி ஈட்டனுக்கும் 'தண்டர்பால்' க்ளாடின் ஓஜேவுக்கும் அதே தொண்டைதான். டப்பிங் குரலை கேட்டே வளந்த நமக்கு இதெல்லாம் சகஜம், ஆனா டைட்டில்ல பேரு கூட போடல பாருங்க. அந்த பிகினி மட்டும் 2001ல ஏலத்துல 41,000 பவுண்டுக்கு மேல போச்சு!

உடம்பெல்லாம் தங்க பெயிண்ட் அடிச்ச நடிகை ஷூட்டிங்லயே இறந்துட்டாங்களாமே? (தஞ்சாவூர் வாசகி)

புரளிங்க. 'கோல்ட்ஃபிங்கர்' படத்துலதான் அப்படி சாவாங்க, தோல் மூச்சு விட முடியாம. நாம மூச்சு விடுறது நுரையீரல்ல, தோல்ல இல்ல. ஆனா எடுத்தவங்களுக்கே கொஞ்சம் உதறல்தான், வயித்துல ஒரு இடத்தை பெயிண்ட் அடிக்காம விட்டுட்டுதான் எடுத்தாங்க. அந்த நடிகை ஷெர்லி ஈட்டன் அப்புறம் பல வருஷம் பேட்டி குடுத்துட்டு ஜம்முனு இருந்தாங்க.

பூனையை தடவிக்கிட்டே இருப்பாரே அந்த மொட்டைத்தலை ப்ளோஃபெல்ட், நடுவுல பல வருஷம் ஆளையே காணோமே ஏன்? (கோவை வாசகர்)

கோர்ட் கேஸ். கெவின் மெக்லோரின்னு ஒருத்தரும், பாண்டை உருவாக்குன எழுத்தாளர் இயான் ஃப்ளெமிங்கும் இன்னும் சிலரும் சேந்து ஒரு சினிமா கதை பேசுனாங்க, படம் எடுக்க முடியல, ஃப்ளெமிங் அதையே 1961ல 'தண்டர்பால்' நாவலா எழுதி தன் பேரை மட்டும் போட்டுக்கிட்டாரு, மெக்லோரி விடுவாரா, கேஸ் போட்டு 1963ல அந்த கதையோட சினிமா உரிமையை வாங்கிட்டாரு. ஸ்பெக்டர்ங்கிற வில்லன் கும்பலும் அதோட தலைவன் ப்ளோஃபெல்டும் யாருக்கு சொந்தம்னு அதுல இருந்தே இழுபறி, எழுபதுகள் நடுவுல இருந்து பாண்ட் படம் எடுக்குற கம்பெனி அந்த பேரையே தொட முடியல.

அந்த கடுப்பை 1981ல எப்படி தீத்துக்கிட்டாங்க பாருங்க. 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' ஆரம்பத்துல பாண்ட் ஒரு கல்லறைக்கு பூ வைப்பாரு, 1969 படத்துல கல்யாணம் முடிஞ்சு கார்ல கிளம்புன கொஞ்ச நேரத்துலயே ப்ளோஃபெல்ட் கும்பல் சுட்டுக் கொன்ன பொண்டாட்டி ட்ரேஸியோட கல்லறை, அந்த கேரக்டரை டயானா ரிக் மாதிரி இன்னொருத்தங்க பண்ணிருக்க முடியாது. அடுத்த நிமிஷமே சக்கர நாற்காலியில மொட்டைத்தலை, மடியில வெள்ளைப் பூனை, யாருன்னு பேரே சொல்ல மாட்டாங்க, பாண்ட் ஹெலிகாப்டர்ல நாற்காலியோட தூக்கிட்டு போய் பெரிய புகைபோக்கிக்குள்ள போட்டுட்டு போயிருவாரு. பேரு மறுபடி கைக்கு வந்தது 2013ல, 2015லயே 'ஸ்பெக்டர்'னு டைட்டில் வச்சு ஆசையை தீத்துக்கிட்டாங்க. படம் சுமார்தான்.

உங்களுக்கு பிடிச்ச வில்லன் யாரு? ஒரு பேருதான் சொல்லணும். (திருநெல்வேலி வாசகி)

வில்லி சொல்லலாமா? எலெக்ட்ரா கிங். 1999ல வந்த 'தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்', நடிச்சது ஃபிரான்ஸ் நடிகை சோஃபி மார்ஸோ. பாதி படம் வரைக்கும் நாம அவங்களைத்தான் ஹீரோயின்னு நம்பிட்டு இருப்போம், அப்பாவை பறிகொடுத்த பொண்ணு, கடத்தப்பட்டு தப்பிச்சு வந்தவ, காதுல ஒரு துண்டு இல்ல, அதை நகை வச்சு மறைச்சிருப்பா. அப்புறம் தெரியும் அதை வெட்டுனது கடத்துனவன் இல்ல, அவளேதான். பணம் குடுத்து மீட்காத அப்பா மேலயும், குடுக்காதீங்கன்னு சொன்ன பாண்டோட மேலதிகாரி 'எம்' மேலயும் இருக்குற கோவம் நியாயமாத்தானே இருக்குன்னு ஒரு செகண்ட் தோணும், அங்கதான் படம் ஜெயிக்குது. கடைசில பாண்ட் அவளை நேருக்கு நேரா சுட்டுட்டு, கிடக்குற உடம்பு மேல குனிஞ்சு ஒரு நொடி நிப்பாரு. எந்த எரிமலைக் குகை க்ளைமாக்ஸும் எனக்கு அந்த அளவுக்கு ஒட்டல.

ரெண்டாவது கேக்கலதான், இருந்தாலும் சொல்லிடுறேன், 1963 படத்துல வர்ற ரோஸா க்ளெப். ஷூ நுனியில விஷக்கத்தி வச்ச குட்டையான வயசான அம்மா, நடிச்ச லோட்டே லென்யா மேடையில பெரிய பாடகி. அந்த சண்டையில பாண்ட் என்ன பண்றாருன்னு கவனிங்க, நாற்காலியை வச்சு தடுத்துட்டு நிப்பாரு, அவ்ளோதான். சுடுறது ஹீரோயின்!

நம்ம ஆளு யாராவது பாண்ட் படத்துல நடிச்சிருக்காங்களா? (சென்னை வாசகர்)

டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், மெட்ராஸ்காரர். 1983 'ஆக்டோபஸி', கதையில ஒரு பகுதி உதய்பூர்ல நடக்கும், பாம்பாட்டி வேஷத்துல உக்காந்து மகுடியில பாண்ட் தீம் மியூசிக்கையே ஊதுவாரு, அதுதான் அடையாளம். அப்புறம் ஆட்டோவுல துரத்தல், அடியாளுங்களை டென்னிஸ் ராக்கெட்டாலயே விளாசுவாரு. வில்லனோட வலது கையா தலைப்பாகையோட முறைச்சுக்கிட்டு நிக்கிறது கபீர் பேடி. பாவம், நம்ம விஜய்யை பாதிலயே ரம்பம் வச்ச யோ-யோவால முடிச்சுட்டாங்க.