மழைக்காட்டில் வனவிலங்கு ஆய்வு செய்பவர்களின் ஒரு நாள் எப்படி இருக்கும்? தினமும் விலங்குகளைப் பார்ப்பீர்களா?

பார்க்க மாட்டோம். இரண்டு வருடக் களப்பணியில் நான் அதிகம் பார்த்தது ஈரத்துணியைத்தான்.

விடிவதற்கு முன்பே எழ வேண்டும், பறவைகளும் குரங்குகளும் சத்தம் போடும் நேரம் அது. எழுந்ததும் நேற்றுக் காயப்போட்ட உடையை அதே ஈரத்தோடு மாட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தக் காற்றில் எதுவும் காயாது. தூங்குவதற்கென்று உலர்ந்த உடை ஒரு ஜோடி தனியாக இருக்கும், அதை மட்டும் என்ன ஆனாலும் காட்டுக்குள் போட்டுக்கொண்டு போகக் கூடாது. ஒரே ஒரு நாள் ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டு போனேன், அடுத்த மூன்று இரவும் ஈரத்திலேயே படுத்தேன். அப்புறம் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் கால் விட வேண்டும், உள்ளே தேள் இருக்கலாம்.

காலை வேலை டிரான்செக்ட். குறித்துவைத்த நேர்கோட்டில் மணிக்கு சுமார் ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நடந்து, விலங்கு தெரிந்தால் அது கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். மேலே விழும் வெயிலில் 1 - 2 சதவீதம்தான் தரைக்கு வந்து சேரும், அதனால் கண்ணைவிடக் காதுதான் உதவும். பொத்தென்று ஒரு பழம் விழும், எடுத்துப் பார்த்தால் புதுசாகக் கடித்த தடம் இருக்கும். சரி, மேலே குரங்கு இருக்கிறது என்று கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்போம், அது நம் தலையில் மூத்திரம் பெய்துவிட்டுப் போகும். இது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

பல நாள் ஒன்றுமே தெரியாது. அப்போதும் எத்தனை கிலோமீட்டர் நடந்தோம், பார்த்தது பூஜ்யம் என்று எழுதியே ஆக வேண்டும். புதிதாக வருபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், எனக்குக் கோபம் வருவதும் இதற்குத்தான். எவ்வளவு நடந்து எத்தனை பார்த்தோம் என்பதிலிருந்துதான் எண்ணிக்கையைக் கணக்கிடுகிறோம், வெறுங்கையோடு வந்த நாளைக் கணக்கில் சேர்க்காவிட்டால் காடு முழுக்க விலங்கு இருப்பதுபோல் விடை வரும்.

கேமரா ட்ராப் கதை வேறு. சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் மாறுபட்ட ஏதாவது முன்னால் அசைந்தால் அது படம் எடுக்கும். பார்வை நன்றாகக் கிடைக்கும் என்று ஓர் இடைவெளியைப் பார்த்து ஒன்றைக் கட்டிவைத்தேன், ஒரு மாதம் கழித்துப் போனால் மெமரி கார்டு ஒன்பதாம் நாளே நிரம்பியிருந்தது. அத்தனையும் ஒரே இலை. காலை வெயிலில் சூடேறிக் காற்றில் ஆடியிருக்கிறது, கேமராவும் சளைக்காமல் எடுத்துத் தள்ளியிருக்கிறது. அதற்குப் பிறகு முன்னால் உள்ள செடிகளை ஒதுக்காமல் நான் எந்தக் கேமராவையும் கட்டியதில்லை.

ரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். ஆசிய மழைக்காடுகளில் அது உண்டு, நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை உறை போட்டுக்கொண்டாலும் ஒன்றிரண்டு உள்ளே வந்துவிடும். ஆனால் அதற்கும் ஒரு பயன் இருக்கிறது. வியட்நாம் காட்டில் பிடித்த அட்டைகளின் வயிற்றிலிருந்த ரத்தத்தில் டிஎன்ஏவைப் பிரித்து, கண்ணில் படாத அபூர்வ முயல் அங்கே இருப்பதை 2012இல் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்த பிறகு அட்டையைப் பிய்த்து எறியும்போது கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

ஆபத்து என்றால் எல்லோரும் புலி, பாம்பு என்பார்கள். எனக்குப் பயம் காய்ந்த கிளைதான். காற்று எழுந்தால் எழுதிக்கொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம், கூடாரம் போடும் முன்பும் முதலில் தலைக்கு மேலேதான் பார்ப்போம்.

மதியம் பெரும்பாலும் மழை. நனைந்த நோட்டிலிருந்து கணினியில் ஏற்றுவது, பைனாகுலரில் பூஞ்சணம் பிடிக்காமல் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவைப்பது என்று பொழுது போய்விடும், நிலநடுக்கோட்டுப் பக்கம் வருடம் முழுக்க ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும்.

போகிற எண்ணம் இருந்தால் பேனா வேண்டாம், மை ஈரத்தில் கரைந்துவிடும். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் குறைந்தது ஆறு ஜோடி, நான் மூன்றோடு போய் அவஸ்தைப்பட்டேன்.