கல்லாகிப்போன சிவப்புச் சீனியைத் திரும்பவும் உதிரியாக்குவது எப்படி?

கேள்வி: கேக் அடிக்க வாங்கி வைத்த சிவப்புச் சீனி ஒரே கட்டியாக இறுகிவிட்டது. வீட்டிலேயே இளக்கலாமா, எறிய வேண்டியதுதானா?

எறியாதீர்கள். சீனி பழுதாகவில்லை, காய்ந்துபோயிருக்கிறது. அவ்வளவுதான். உலக்கையையும் எடுக்காதீர்கள். நான் முதல்முறை அதைத்தான் எடுத்தேன். பொலித்தீன் பையோடு நிலத்தில் வைத்து இரண்டு குத்துக் குத்த, பை வெடித்துக் குசினி முழுக்கச் சீனி. அன்று பின்னேரம் வந்த எறும்புக் கூட்டத்தை நல்லூர்த் தேருக்கும் கண்டதில்லை.

மிஞ்சின கட்டியைப் பார்த்த மாமி, "வெயிலில வை பிள்ளை, சரிவரும்" என்றார். வைத்தேன். இன்னும் இறுகியது. மாமியில் பிழை சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்துக் குசினியில் நாங்கள் காலங்காலமாகச் சண்டை பிடிப்பது ஈரத்தோடுதான். அம்மம்மா பனங்கட்டிக் குட்டான்களை, அதாவது பனையோலையில் பின்னிய சின்னப் பெட்டிகளில் வார்த்த பனைவெல்லத்தை, அடுப்புக்கு மேலே, புகை படுகிற இடத்தில்தான் தொங்கவிடுவார். மாரி தொடங்கினால் பனங்கட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும், ஓலையெல்லாம் பிசுபிசுக்கும். மிளகாய்த்தூள், காயவைத்த பனங்கிழங்கான ஒடியல், அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் என்று எதை எடுத்தாலும் மருந்து வெயில்தான். சிவப்புச் சீனி மட்டும் இதற்கு நேர் எதிர்.

காரணம் இதுதான். அதன் ஒவ்வொரு மணியையும் சுற்றிக் கரும்புப் பாகு மெல்லிசாகப் பூசியிருக்கிறது. வெளிநாட்டுப் பக்கெட்டுகளில் வருகிற மென்மையான சீனியில் வெளிர் நிறத்தில் ஏறக்குறைய 3.5 சதவீதமும், கடும் நிறத்தில் 6.5 சதவீதமும் அந்தப் பாகு இருக்கும். பாகில் ஈரம் இருக்கும்வரை மணிகள் ஒன்றில் ஒன்று வழுக்கும். ஈரம் பறந்தால் பாகே பசையாகி மணிகளை ஒட்டிப் பிடித்துவிடும். வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் சோளகம் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற நாட்களில், வாய் திறந்து கிடக்கிற பைக்கு இது நடக்க அதிக நாள் வேண்டாம். ஆகவே போன ஈரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மெதுவாக.

அவசரம் இல்லையென்றால் பாண்தான் சுகம். இறுகிய கட்டியை இறுக்கமான மூடியுள்ள பேணியில் போட்டு, மேலே புதுப் பாண் துண்டு ஒன்றை வைத்து மூடிவிடுங்கள். அரைக் கிலோவுக்கு ஒரு துண்டு காணும். இரவு வைத்தால் அடுத்தநாள் பாண் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும், சீனி கரண்டிக்கு உதிரும். பெரிய கட்டியென்றால் புதுத் துண்டு மாற்றி இன்னொரு நாள் விடுங்கள். பாணை உள்ளேயே மறந்துவிட வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். அப்பிள் துண்டும் இதே வேலையைச் செய்யும், ஆனால் இங்கே அப்பிள் விற்கிற விலைக்கு அதைச் சாப்பிடுவதே மேல்.

எனக்குப் பிடித்தது மண் துண்டு. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கிய சிட்டி விளக்குகளில் எண்ணெய் படாத ஒன்று மிஞ்சியிருந்தால், கழுவி இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுத்துச் சீனிக்குள் வையுங்கள். மண் தான் குடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பூஞ்சணப் பயமும் குறைவு. காய்ந்ததும் மறுபடி ஊறப்போடலாம்.

கேக் இன்றைக்கே அடிக்க வேண்டுமா? மைக்ரோவேவ் இருந்தால் சீனியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, நனைத்துப் பிழிந்த டிசுவை மேலே விரித்து இருபது இருபது விநாடியாகச் சூடாக்கி, இடையிடையே முள்ளுக்கரண்டியால் கிளறுங்கள். ஒரேயடியாக ஒரு நிமிடம் விட்டால் ஓரம் உருகிப் பாகாகும், கையில் பட்டால் கொப்புளம்தான். அவணில் என்றால் 120 பாகை செல்சியஸில் ஐந்து நிமிடம், பக்கத்திலேயே நின்று பார்த்தபடி. இரண்டிலும் சீனி ஆறினதும் திரும்ப இறுகும், ஆகவே தேவையான அளவை மட்டும் சூடாக்கி உடனே பாவியுங்கள்.

நீராவியில் வைக்கலாமே என்று யோசிப்பீர்கள். நானும் யோசித்து, பிட்டு அவிக்கிற ஓலைப் பெட்டியான நீத்துப்பெட்டியில் போட்டு அவித்தேன். பத்து நிமிடத்தில் பெட்டியில் பாதிச் சீனி, கீழே பானையில் மீதி. அந்த இனிப்புத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் குடித்ததுதான் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் இளக்க வேண்டும் என்றும் இல்லை. பாகு காய்ச்சவோ கஞ்சிக்கோ என்றால் கட்டியை அப்படியே நிறுத்து எடுத்துச் சுடுதண்ணீரில் கரைத்துவிடலாம். பட்டரோடு சேர்த்து அடிக்கிற கேக்குக்குத்தான் உதிரிச் சீனி கட்டாயம்.

ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளைச் சீனி இறுகியிருந்தால் இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். அது ஈரம் பட்டுப் பிறகு காய்ந்ததால் கட்டியானது. பாண் வைத்தால் இன்னும் மோசமாகும். தட்டி உடைத்து, இடித்து அரித்தால் போதும். மாமியின் வெயில் வைத்தியம் அதற்குக் கொஞ்சம் பொருந்தும்.

இப்போது நான் சீனியைக் கடைப்பையோடு வைப்பதில்லை. வாங்கிய அன்றே பழைய பால்மாப் பேணியில் கொட்டி அமத்தி, மூடிக்கு மேலே ஒரு பொலித்தீனும் கட்டிவிடுகிறேன். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குள் காற்று வறட்சி, மூடி கொஞ்சம் தளர்ந்தால் சோளகம் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்யும்.

அப்படியும் பேணியின் அடியில் ஒன்றிரண்டு கட்டி கிடக்கும். அவற்றை நான் உடைப்பதில்லை. பனங்கட்டி முடிந்த நாட்களில் மாமா அதைத்தான் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிக்கிறார்.