அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். குடிக்கப் போர் தண்ணீர்தான். பஞ்சாயத்துக் குழாயில் வாரத்தில் சில நாள் ஆற்றுத் தண்ணீர் வரும். தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் விற்க வந்தவர் இரண்டு டம்ளர்களில் கம்பி பொருத்திய கருவி ஒன்றை வைத்து ஸ்விட்சைப் போட்டார். எங்கள் தண்ணீர் சேறுபோல் பழுப்பாகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது. தண்ணீரில் கரைந்த உப்புகளை மொத்தமாக அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 780 காட்டியது. பயந்துபோய் முன்பணம் கொடுத்துவிட்டோம். வாங்கலாமா?

பதில்: அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, அவருடைய கம்பியில் இருந்து வந்தது. கருவியில் இரும்புக் கம்பி இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகும். உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது, அதனால் அங்கே ஒன்றும் நடக்காது. மறுபடி வந்தால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

780க்கும் பதற வேண்டாம். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு.

ஆனால் அவர் காட்டாமல் விட்ட ஒன்றுதான் எனக்குக் கவலை. உங்கள் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது தெரிந்த விஷயம். பாறையில் இருந்து கரைந்து வருவது அது. ஆழ்துளைக் கிணறுகளில் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. நிறமும் ருசியும் கிடையாது, டி.டி.எஸ். மீட்டரும் அதைத் தனியே காட்டாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, 1.5 உச்ச வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறுவயதில் குடித்து வளர்ந்தால் முளைக்கும் பல்லிலேயே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழலாம், தேய்த்தால் போகாது. பல வருடங்கள் அதிக அளவில் போனால் எலும்பும் மூட்டும் கெடும். கொதிக்கவைப்பதால் பயனில்லை, தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் செறிவுதான் ஏறும். உங்கள் பக்கம் பதிமுகம் என்ற மரத்துண்டைப் போட்டுச் செக்கச்செவேலென்று குடிப்பார்களே, அதுவும் இதற்கு உதவாது.

ஆகவே முதல் செலவு இயந்திரத்துக்கு அல்ல, பரிசோதனைக்கு. கேரள வாட்டர் அத்தாரிட்டியின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்தினால் பார்த்துக் கொடுப்பார்கள். ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, கோலிஃபார்ம் கிருமி ஆகியவற்றைக் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கிய பாட்டில் வேண்டும். என்ன பாட்டில் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

ஃபுளோரைடு 1.5க்கு மேல் வந்தால், ஆற்றுக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சோறு, குழம்பு வைக்கவும் ஒதுக்குங்கள். போரை மற்ற வேலைக்கு வையுங்கள். குழாய் போதாவிட்டால் மட்டும் ஆர்.ஓ. வாங்கலாம். யு.வி. என்ற புற ஊதா விளக்கு மட்டும் உள்ள இயந்திரம் கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடைத் தொடாது. ஆர்.ஓ. ஒரு குடம் தர இரண்டு மூன்று குடம் வெளியே தள்ளும். மழை குறைந்த உங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமல்ல. வீடு துடைக்கவாவது பிடித்து வையுங்கள்.

முன்பணத்துக்கு ரசீது வாங்கினீர்களா? வேண்டாம் என்று முடிவானால் எழுத்தில் தெரிவித்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை புகார் கட்டணம் இல்லை.

கேள்வி: குழாய்த் தண்ணீரில் சில நாள் மருந்து வாடை அடிக்கிறது. குடிக்கலாமா?

பதில்: குடிக்கலாம். அது கிருமியைக் கொல்லப் போடும் குளோரின். உங்கள் குழாய்வரை வந்து சேரும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும் என்பதே தரம். வாடை பிடிக்காவிட்டால் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். மழைக்காலத்தில் கலங்கலாக வந்து, வாடையும் இல்லை என்றால்தான் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது.